மருந்தாளருக்கு மடக்கை எதற்கு?

இலங்கையில் மருந்தாளர் பட்டப்படிப்புக்கு மாணவர்கள் உயர்தர உயிரியல் பிரிவிலிருந்தே தெரிவாகிறார்கள். அவர்கள் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் படித்தவர்கள். இணைந்த கணிதம் படித்தவர்கள் அல்லர். சாதாரண தரத்தோடு கணிதத்துக்கு முழுக்குப் போட்டவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மருந்தாளர் வகுப்பில் வந்து அமர்ந்ததும், பழைய மடக்கை நுண்கணிதத்தையும் கூட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறது. குளிசை எண்ணிக் கொடுப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று மன்னார்ப் பிள்ளைகள் கேட்பது நியாயமே. மன்னார்க் கரையை நெடுங்காலம் வாட்டிய மலேரியாவே அதற்கு நல்ல விடை சொல்லும்.

அதற்கு முன் சேலைன் போத்தலை ஒருமுறை பார்த்துவிடலாம். நாளத்தில் ஏற்றும் சேலைனில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. மன்னார் உப்பளத்துக்கு வரும் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம். சேலைனில் உப்பு கூடினால் செங்குருதிக் கலங்கள் நீரை இழந்து சுருங்கும். வெகுவாகக் குறைந்தால் நீர் உட்புகுந்து வெடிக்கும். உப்பின் மூலர் திணிவு 58.44 என்று தெரிந்தவருக்கு 9 கிராம் என்பது 154 மில்லிமூல். சோடியம், குளோரைட்டு என்று பிரியும்போது துணிக்கைகள் அதன் இருமடங்கு, 308. குருதியின் செறிவும் அதற்கு அண்மையிலேயே இருக்கிறது. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனியைக் குறித்த அளவிலும் குறைந்த தண்ணீரில் கரைக்கக் கூடாது என்று தாய்மாருக்குச் சொல்லும்போதும் இதே இரசாயனவியல்தான் பேசுகிறது.

இனி மலேரியா. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவான நிலையில் கவனம் தளர்ந்தது. சில ஆண்டுகளிலேயே நோய் இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. பிறகு பல பத்தாண்டுப் பாடுபட்டு, 2012 ஒக்ரோபருக்குப் பின் மூன்று ஆண்டுக்கு மேல் உள்நாட்டுத் தொற்று இல்லாத நிலையில், 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி கண்டறியப்பட்டது. இலங்கைக்குப் புதிய இந்த நுளம்பு கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். வெளிநாட்டிலிருந்து நோயோடு ஒருவர் வந்து இறங்கினால் அதைப் பரப்ப நுளம்பு காத்திருக்கிறது. ஆகவே மலேரியா மருந்துக் கணக்கு இன்னும் பழங்கதையாகவில்லை.

வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு இரண்டு மருந்துகள். குருதியிலுள்ள ஒட்டுண்ணியைக் கொல்லும் குளோரோகுயின் மூன்றே நாளில் முடிந்துவிடும். ஈரலில் உறங்கிக் கிடக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும் பிறிமாகுயினை 14 நாள் விடாமல் விழுங்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் நோயாளி கேட்பார்: "சுகம் வந்திட்டுது, இனி ஏன் குளிசை?" அது மூன்று நாள், இது ஏன் நாள்தோறும் என்றும் கேட்பார். ஒட்டுண்ணியின் உறக்கத்தைச் சொல்வது பாதி விடை. மீதிப் பாதி ஒரு வளைகோட்டில் இருக்கிறது.

பெரும்பாலான மருந்துகள் உடலை விட்டு வெளியேறும் வேகம், அந்தக் கணத்தில் உடலில் எவ்வளவு மருந்து இருக்கிறதோ அதற்கு நேர்விகிதமானது. நிறைய இருந்தால் விரைவாகக் குறையும். குறையக் குறைய வேகமும் தளரும். இதை எழுத வகையீட்டுச் சமன்பாடு வேண்டும். தொகையிட்டால் வளைகோடு கிடைக்கும். மடக்கை எடுத்தால் அந்த வளைகோடு நேர்கோடாகிவிடும்! அதன்பின் இரண்டு குருதி மாதிரியும் ஓர் அடிமட்டமும் இருந்தால், மருந்து பாதியாகும் நேரத்தை, அதாவது அரைவாழ்வை, தாளிலேயே வாசித்துவிடலாம். மருந்தாளர் படிப்பில் இதைவிட அழகான இடம் அரிது.

பிறிமாகுயினின் அரைவாழ்வு சுமார் 6 மணித்தியாலம். தாளும் பேனையும் வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம்: ஆறு மணித்தியாலத்தில் அரை, பன்னிரண்டில் கால், பதினெட்டில் அரைக்கால், இருபத்துநான்கில் வீசம். மறுநாள் குளிசைக்கு நேரம் வரும்போது பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். குளோரோகுயினின் அரைவாழ்வோ ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம். இழையங்களில் போய்த் தங்கி மெல்ல மெல்லக் கசிகிறது. மூன்று நாள் விழுங்கியது கிழமைக்கணக்கில் நிற்பது அதனால்தான்.

அளவிலும் கண் வைக்க வேண்டும். பிறிமாகுயின் நாளுக்கு உடல்நிறையின் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். 15 கிலோப் பிள்ளைக்கு 3.75 மில்லிகிராம், 7.5 மில்லிகிராம் குளிசையில் சரிபாதி. தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் ஐந்து முழுக் குளிசை ஆகிவிடும். ஜி6பிடி என்னும் நொதியம் பிறப்பிலேயே குறைந்தவர்களுக்கு நாளாந்த அளவே செங்குருதிக் கலங்களைச் சிதைக்கலாம். அதனால் முதலில் பரிசோதனை. குறைபாடு இருந்தால் கிழமைக்கு ஒருமுறை கிலோவுக்கு 0.75 மில்லிகிராம், எட்டுக் கிழமை, அதுவும் மருத்துவரின் கண்காணிப்பில்.

குளோரோகுயின் ஒட்டுண்ணிக்குள் குவிவதும் மடக்கைக் கணக்கே. ஒட்டுண்ணி உணவைச் செரிக்கும் சிறு பை அமிலத் தன்மையுடையது. அதன் பி.எச். குருதியினதைவிட ஏறத்தாழ இரண்டு குறைவு. பி.எச். மடக்கை அளவு என்பதால் அந்த இரண்டுக்குப் பொருள் நூறு மடங்கு ஐதரசன் அயன். உள்ளே நுழையும் குளோரோகுயின் மூலக்கூறு இரண்டு அயன்களைப் பற்றிக்கொண்டு வெளியேற முடியாமல் அகப்படுகிறது. நூறை நூறால் பெருக்கினால், கோட்பாட்டளவில், பத்தாயிரம் மடங்கு செறிவு.

சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு வேறொரு சமன்பாடு உண்டு. 1976இல் கொக்குரொவ்ற், கோல்ற் இருவரும் வெளியிட்டது. பேசாலையில் 70 வயது, 48 கிலோ மீனவர் ஒருவர். குருதியில் கிரியற்றினின் என்னும் கழிவு டெசிலீற்றருக்கு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 140இலிருந்து வயதைக் கழித்து, நிறையால் பெருக்கி, 72ஐ இரண்டால் பெருக்கி வருவதால் வகுத்தால், சிறுநீரகம் அந்தக் கழிவை நீக்கும் குருதியின் அளவு கிடைக்கும்: நிமிடத்துக்கு ஏறத்தாழ 23 மில்லிலீற்றர். இளைஞருக்கு இது நூறையும் தாண்டும். ஜென்ராமைசின் போன்ற மருந்தை இருவருக்கும் ஒரே இடைவெளியில் கொடுத்தால் முதியவரின் காதும் சிறுநீரகமும் பழுதாகலாம்.

தலைமன்னார் வெயிலில் பேருந்தில் போகும் இன்சுலினுக்கும் கணக்கு உண்டு. வெப்பநிலை கூட இரசாயனத் தாக்கம் எவ்வளவு விரைவாகும் என்பதை 1889இல் அரீனியஸ் சமன்பாடாக எழுதினார். பத்துப் பாகை கூடினால் வேகம் பொதுவாக இரண்டு மூன்று மடங்காகும். அங்கும் மடக்கைதான்.

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதி வரும்வரை மாணவர்களுக்கு மாதக்கணக்கில் காலம் கிடைக்கிறது. மருந்தாளர் துறையை விரும்பும் மன்னார் மாணவர்கள் அந்த நாட்களில் இணைந்த கணிதம் படித்த நண்பர் ஒருவரிடம் புத்தகத்தை இரவல் வாங்கி, மடக்கை, வகையிடல், தொகையிடல் மூன்றையும் செய்து பழகிக்கொண்டு முதலாம் ஆண்டு வகுப்புக்குப் போவார்கள் என்று நம்பலாம்.