யார் செய்த பாவம்?

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி சாப்ளின் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கை எந்தெந்த வேலைக்குச் செலவாயிற்று என்று பொருளாளர் இப்போதுதான் வாசித்துக் காட்டினார். அதில் குழந்தைகள் பிரிவு என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைக் குறித்து மட்டும் பேச விரும்புகிறேன். பிறப்பதற்கு முன்போ, பிறந்த சில நாட்களிலோ மூளையில் பாதிப்பு ஏற்பட்டு, பின்பு ஆட்டிசமும் உண்டு என்று அறியப்பட்ட பிள்ளைகள் அந்தப் பிரிவுக்கு வருகிறார்கள்.

யோவான் சுவிசேஷம் 9-ம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது அவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் ஆண்டவர். நாம் பெரும்பாலும் அந்த இடத்தோடு பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். அதிகாரம் அங்கே முடியவில்லை. அந்த மனிதனின் தாய் தகப்பனை வரவழைத்து விசாரிக்கிறார்கள். ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படுவோமோ என்று பயந்து அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆண்டவர் தீர்ப்புச் சொன்ன பிறகும் விசாரணை நிற்கவில்லை.

இன்றும் அது நிற்கவில்லை. கர்ப்பமாயிருந்தபோது என்ன செய்தாய், என்ன தின்றாய், எந்தச் சாபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாய் என்று மாமியார் கேட்கிறார், பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள். நம்முடைய ஜெபக்குழுக்களிலும் கேட்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், இந்தக் கேள்விகளையும் சேர்த்தே சுமந்து வருகிறாள்.

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் தாயைத்தான் கூண்டில் ஏற்றியது. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் குறித்து எழுதி ஆட்டிசத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், தாயின் பாசம் குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்ற எண்ணம் பரவியது. 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் அந்த எண்ணத்துக்குப் பெரிய செல்வாக்கைத் தேடிக்கொடுத்தது. ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற மனோதத்துவ நிபுணர், இது மூளையைச் சார்ந்தது என்று 1964-லேயே வாதாடியிருந்தார்.

அந்த வாதத்துக்கு வலுவூட்டியது ஒரு கொள்ளைநோய். 1964, 1965-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ருபெல்லா அம்மை பரவியது. கர்ப்பிணிகளுக்கு அது வந்தபோது வயிற்றிலிருந்த சிசுவின் கண், காது, இருதயம், மூளை ஆகியவை பாதிக்கப்பட்டன. அப்படிப் பிறந்த 243 பிள்ளைகளை நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் ஆராய்ந்தார். அவர்களில் 18 பேருக்கு ஆட்டிசம் முழுமையாகவோ ஓரளவோ இருந்ததாக 1971-ல் எழுதினார். மற்றப் பிள்ளைகளில் அந்நாளில் கண்டதைவிட இது பன்மடங்கு அதிகம். ஒரு கிருமி செய்த வேலைக்குத் தாயின் பாசத்தைக் குற்றஞ்சாட்ட முடியுமா?

ருபெல்லாவின் தீங்கைக் கண்டுபிடித்த விதமும் கவனிக்கத் தக்கது. 1941-ல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து வருவதைக் கண்டார். தாய்மார் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அந்த அம்மை வந்ததென்று பலரும் சொன்னார்கள். கர்ப்பமாயிருந்தபோது என்ன நடந்தது என்பதே அவர் கேட்ட கேள்வியும். குற்றம் தேடுகிறவர் அதைக் கேட்டால் ஒரு தாய் உடைந்துபோகிறாள். குணமாக்க நினைப்பவர் கேட்டால், பிற்பாடு ஒரு தடுப்பூசிக்கே வழி பிறக்கிறது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் பள்ளிக்கூடங்கள்தோறும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டார்களே, அது அந்த வழியில் வந்ததுதான்.

ருபெல்லா ஒன்றே காரணம் என்று யாரும் எண்ண வேண்டாம். மிகக் குறைந்த மாதத்தில் பிறப்பது, பிறந்தவுடன் மூச்சு எடுக்காதிருப்பது, ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோவது, மூளைக் காய்ச்சல், ரத்தக்கசிவு ஆகிய இவையெல்லாம் வளரும் மூளையைப் புண்படுத்தக்கூடியவை. இப்படிப் பாதிக்கப்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் வருவதில்லை. ஆட்டிசம் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட காயம் எதுவும் இருந்ததில்லை. அவர்களிடத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது. ஆனாலும் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் 2008-ம் ஆண்டுக் கணக்கின்படி, மூளை முடக்குவாதம் உள்ள எட்டு வயதுப் பிள்ளைகளில் 100-க்கு ஏறக்குறைய 7 பேருக்கு ஆட்டிசமும் இருந்தது. அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் 88-ல் ஒருவருக்குத்தான் இருந்தது.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கை கால் முடங்கிய பிள்ளை பேசாவிட்டால், முடக்குவாதத்தினால்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாததும், விரும்பியதை விரலால் சுட்டிக் காட்டாததும் கண்ணில் படுவதில்லை. கால்களுக்குப் பயிற்சி நடக்கிறது. பேச்சுக்கும் பழக்கத்துக்கும் உரிய பயிற்சி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. மறுபக்கமும் உண்டு. காது கேளாத பிள்ளையை ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடக்கூடும். ஆகவே இரண்டையும் சோதிக்க வேண்டும். பொருளாளர் வாசித்த அந்த ஒரு வரியில் காதுப் பரிசோதனைக் கருவியும் பயிற்சியாளரின் சம்பளமும் அடங்கியிருக்கின்றன.

இன்னொரு காரியத்தைத் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் சொல்லுகிறேன். சில மாதக் குழந்தை தூங்கி விழித்ததும் தலையைச் சட்டென்று குனிந்து, கைகளை விரித்து, சலாம் போடுவதுபோல் அடுத்தடுத்து வெட்டி இழுத்தால், அதை வயிற்று வலி என்றோ திடுக்கிடுதல் என்றோ விட்டுவிடாதிருங்கள். அது ஒரு வகை வலிப்பு. 1841-ல் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தம்முடைய சொந்த மகனிடம் அதைக் கண்டு எழுதினார். நம் நாட்டில் பிரசவ காலத்து மூளைப் பாதிப்பு அதற்கு ஒரு முக்கிய காரணம். சிகிச்சை தாமதமானால் அறிவு வளர்ச்சி குன்றலாம்; பிற்பாடு ஆட்டிசமும் தலைகாட்டலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். கைப்பேசியில் படம் பிடித்து வந்தால் மருத்துவருக்கு உதவியாயிருக்கும்.

ஜெபத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. ஜெபம்பண்ணுவதே என் ஊழியம். ஆனால் விசுவாசத்தின் பெயரால் வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிரே போகக்கூடும். பிள்ளை கத்துவதைப் பிசாசின் கிரியை என்று சொல்லி அடிப்பவர்களும் உண்டு. இது சுவிசேஷம் அல்ல. மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தலைமேல் கை வைத்து ஜெபியுங்கள். கர்த்தர் இரண்டின் வழியாகவும் கிரியை செய்கிறார்.

சட்டமும் இப்போது இந்தப் பிள்ளைகளின் பக்கம் நிற்கிறது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமில்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதை ஏற்றிருக்கிறது. உங்கள் சபையில் அடையாள அட்டை வாங்காத குடும்பம் இருந்தால், படித்த ஒரு வாலிபன் கூடப்போய் வாங்கித் தரலாம். அதற்குப் பணம் வேண்டாம், ஒரு நாள் போதும்.

அன்பானவர்களே, ஒன்று கேட்கிறேன். ஆராதனையில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்க்காதிருங்கள். கடைசி வரிசையில், வாசலுக்கு அருகில், ஒலிபெருக்கிக்குத் தூரமாய் ஒரு பெஞ்சை அந்தக் குடும்பத்துக்கென்று ஒதுக்குங்கள். புறம்பாக்கப்படுவோமோ என்ற பயமில்லாமல் ஒரு தாய் அங்கே வந்து உட்காரட்டும். யோவான் சுவிசேஷத்தில் ஆண்டவர் தள்ளுபடி செய்த வழக்கை நாம் மறுபடியும் எடுக்க வேண்டாம்.

கர்த்தர் உங்களையும், உங்கள் பிள்ளைகளையும், நம் வார்டில் இருக்கும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.