முதலில் ஒரு முட்டி

சாம்பார் வாசனை மேடைவரை வருகிறது, சீக்கிரமே முடித்துவிடுகிறேன்.

இந்தச் சங்கத்துப் பெற்றோர் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை மனித ரோபோ செய்யணும்ங்கிறான், எந்த ஏஐ வகுப்பில் சேர்க்கலாம்?" என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. முதலில் ஒரு முட்டியைச் செய்யச் சொல்லுங்கள்.

பேசும் மூளை இன்று மாதச் சந்தாவுக்குக் கிடைக்கிறது. விழாமல் நிற்பதுதான் பெரும்பாடு. 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பொமோனாவில் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய ரோபோ சவாலின் இறுதிப் போட்டியில், தேர்ந்த குழுக்களின் ரோபோக்களே குப்புற விழுந்தன. 20 லட்சம் டாலர் பரிசை வென்றது தென் கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழகக் குழு. அவர்களுடைய ஹியூபோ ரோபோ சமதரை வந்ததும் மண்டியிட்டு, முழங்காலில் பொருத்திய சக்கரத்தில் உருண்டு போனது. படி வந்தபோது எழுந்து ஏறியது. போட்டியில் கொடுத்த எட்டு வேலைகளும் 44 நிமிடம் 28 நொடியில் முடிந்தன. மனிதனைப் போலவே நடந்து காட்டுவேன் என்ற வீம்பு அதனிடம் இல்லை. என்னைக் கேட்டால், நல்ல பொறியியலுக்கு அதுவே அழகு.

இப்போது நடையைக் கணினிக்குள் பழக்குகிறார்கள். ஒரே ரோபோவின் ஆயிரக்கணக்கான நகல்கள் அங்கே ஒரே சமயத்தில் விழுந்து எழும். தரையின் வழுக்கலையும் உடலின் எடையையும் வேண்டுமென்றே மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்படிப் பழகிய நடைதான் நிஜத் தரையில் தாக்குப்பிடிக்கும். ஏஐக்கு இங்கேதான் வேலை. இப்படிப் பழக்க உதவும் முஜோக்கோ மென்பொருள் இலவசம். பைத்தான் தெரிந்த பிள்ளை வீட்டிலேயே தொடங்கலாம்.

கணினியை விட்டு, நிஜ மோட்டாரோடு மேசைக்கு வந்தால் கதை வேறு. மலிவான சர்வோ மோட்டாரில் '10 கிலோ-செ.மீ.' என்று போட்டிருக்கும். தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு கிலோ தொங்கினால், அதுவே அதன் எல்லை. கால் நேராக நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. முட்டி மடங்கியதும் சுமை மோட்டாரில் இறங்கும், கால் வெடவெடக்கும், கட்டுப்பாட்டுப் பலகை தானாக அணைந்து மறுபடி எழும். பிள்ளை ராத்திரியெல்லாம் நிரலில் பிழை தேடும். நிரல் சரியாகத்தான் இருக்கும். மூன்று மோட்டார் ஒன்றாக இழுக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் படுத்துவிடுகிறது, அவ்வளவுதான். பலகைக்குத் தனி மின்சாரம் கொடுத்து, கிரவுண்ட் கம்பியை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக வைத்தால் தீர்ந்தது. இதை ஏஐயிடம் கேட்டாலும் சொல்லும். ஆனால் மல்டிமீட்டரில் வோல்ட் சரிவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குத்தான் சரியாகக் கேட்க வரும்.

முழு உருவமும் வேண்டுமென்றால், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட திறந்த வடிவமைப்பு இருக்கிறது. அதன் கியர்ப் பெட்டியே முப்பரிமாண அச்சில் எடுப்பதுதான். உதிரிபாகச் செலவு 5,000 டாலருக்குள். தனி வீட்டுக்கு அது அதிகம், சங்கமாகச் சேர்ந்தால் முடியும். அது பிறகு.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் பின்னறை சும்மாதான் கிடக்கிறது. செயலாளர் சாவி தந்தால் அடுத்த வாரமே ஒரு காலில் தொடங்கலாம். சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் நான் கொண்டுவருகிறேன். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் பெற்றோர் வாங்கித் தாருங்கள்.