தங்கம் தோண்டியவர்களுக்கு நிலம் எங்கே?

(கோவையில் இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கே.ஜி.எஃப். என்று சொன்னதும் உங்களில் பலருக்கு சினிமாதான் நினைவுக்கு வரும். 2018இல் முதல் பாகம், 2022இல் இரண்டாம் பாகம். அதில் தங்கம் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, ஒரு கதாநாயகன் இருக்கிறான். அந்த ஊரில் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த மக்கள் யார், என்ன சாதி, என்ன மொழி என்ற பேச்சு மட்டும் இல்லை. இன்று நான் பேசப்போவது அந்த மக்களைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் கோவை நகரில் இருந்தவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். கோலார் தங்கவயலில் இருந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். ஏறக்குறைய நமக்குச் சமமான ஊர். அறுபது ஆண்டு கழித்து 2011இல் பாருங்கள். கோவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெங்களூரு எட்டு லட்சத்திலிருந்து எண்பது லட்சத்துக்கு மேல் போய்விட்டது. அந்தப் பெங்களூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கும் தங்கவயல் மட்டும் அதே ஒன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. ஓர் ஊர் அறுபது ஆண்டு அப்படியே நின்றால், அங்கே பிறந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். ஏன்?

வரலாற்றிலிருந்து வருவோம். 1873இல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர், ஓய்வுபெற்ற ராணுவ வீரர், மைசூர் அரசிடம் அங்கே சுரங்கம் தோண்ட உரிமம் கேட்டார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1901இல் அங்கே 38,204 பேர் இருந்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். நம் கோவைக்குப் பைகாரா மின்சாரம் வந்தது 1930களில்!

யார் இந்த மக்கள்? பெரும்பான்மையோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து போன ஆதிதிராவிடர்கள். 1876-78 பஞ்சத்தில் செத்துப் பிழைத்த தலைமுறை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர் மக்கள் நிலமின்றி எப்படி அடிமைகளாக வாழ்கிறார்கள் என்று அரசுக்கு அறிக்கை எழுதினாரே, அதே காலம். ஊரில் இருந்தால் பண்ணையாள். தங்கவயலுக்குப் போனால் கையில் காசாகக் கூலி. துண்டை இடுப்பில் கட்டச் சொல்ல அங்கே ஆண்டை இல்லை. பாறை தலையில் விழும் என்று தெரிந்தும் போனார்கள் என்றால், அந்தக் கிராமம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அங்கே சாதி ஒழிந்ததா? உத்தியோக வரிசையைப் பாருங்கள். மேலே வெள்ளைக்கார மேலாளர்கள். அடுத்து ஆங்கிலோ இந்தியர்கள், இத்தாலியர்கள். ஆபீசில் எழுத்து வேலை சாதி இந்துக்களுக்கு. பூமிக்கு அடியில் போய் வெடிவைப்பதும் துளை போடுவதும் நம் மக்களுக்கு. வெள்ளைக்காரர்களுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். தொழிலாளிக்கு லைன் வீடு. மூங்கில் தட்டியும் தகரமும்தான் சுவர், ஓர் அறைதான் குடும்பம். வேலை மாறியது, வரிசை மாறவில்லை.

ஆனால் அந்த லைன் வீடுகளிலிருந்து கிளம்பிய அறிவு இயக்கம் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் தொடங்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் கிளைகள் இருந்தன. 1907இல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ ஏட்டுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் வாசகர்களாகவும் புரவலர்களாகவும் இருந்தார்கள். 1914இல் அவர் மறைந்தார். பிறகு 1926இல் அப்பாதுரையார் அந்த ஏட்டைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். அயோத்திதாசரின் நூல்களை அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலைதான் அச்சிட்டுக் காப்பாற்றியது. பகலெல்லாம் பாறை உடைத்த கை, ராத்திரியில் காசு சேர்த்து அச்சகம் நடத்தியிருக்கிறது. சுயமரியாதை இயக்கத்துக்கும், பின்னாளில் அம்பேத்கர் இயக்கத்துக்கும் அந்த மண் பண்பட்டுக் கிடந்ததற்கு இதுதான் காரணம்.

போராட்டத்திலும் அப்படித்தான். 1930இல் தொழிலாளர்களிடம் கைரேகை பதிய நிர்வாகம் முயன்றது. “நாங்கள் என்ன திருடர்களா?” என்ற கோபத்தில் பல்லாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்கு முன்னால் மானத்துக்காக நடந்த வேலைநிறுத்தம் அது. 1946இல் போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் செத்தார்கள். அதே ஆண்டில்தான் இங்கே ஸ்டேன்ஸ் மில் துப்பாக்கிச்சூட்டில் 11 பேர் பலியானார்கள். நம் தியாகிகளை நாம் நினைக்கிறோம். அவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்?

குண்டுக்குத் தப்பியவர்களைத் தூசி கொன்றது. 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தங்கவயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. கல்தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் நோய். குணப்படுத்த மருந்து கிடையாது.

1956இல் சுரங்கம் அரசுடைமையானது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. ஆழம் போகப்போகச் செலவு ஏறியது, தங்கம் குறைந்தது. 2001 பிப்ரவரி 28, மூடிவிட்டார்கள். 120 ஆண்டில் வெளியே வந்த தங்கம் சுமார் 800 டன்.

மிஞ்சியது என்ன? 13 சயனைடு மண்மேடுகள். காற்று அடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது. இந்த நூற்றாண்டிலும் லைன் வீடுகளின் உலர் கழிப்பறைகளை மனிதர்களே கையால் அள்ளினார்கள். அள்ளியவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்குள் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயில். செக்யூரிட்டி, துப்புரவு, கடை, ஆபீஸ் என்று ஆயிரக்கணக்கானோர் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள்.

“படித்து முன்னேறியவர்களும் இருக்கிறார்களே?” என்று சிலர் கேட்கலாம். இருக்கிறார்கள். அது அவர்களுடைய தாத்தாக்கள் நடத்திய படிப்பகங்களின் பலன். ஆனால் ஒன்றைக் கேளுங்கள். வேலை போனபின்பும் ஓர் ஊர் நிமிர்ந்து நிற்க என்ன வேண்டும்? சொந்த நிலம் வேண்டும். நிலம் இருந்தால் கடன் கிடைக்கும், கடை வைக்கலாம், பட்டறை போடலாம். கொங்கு மண்டலத்தில் மில்களும் பனியன் கம்பெனிகளும் யார் கையில், எந்த நிலத்தின் மேல் எழுந்தன என்று பாருங்கள். தங்கவயல் தொழிலாளிக்குச் சுரங்கமும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. குடியிருந்த லைன் வீட்டுக்கே மூடியபின் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. சுரங்கம் அவர்களுக்குப் பண்ணையிலிருந்து விடுதலை கொடுத்தது. ஆனால் அந்த விடுதலையின் ஆயுள் கூலியின் ஆயுள்தான்.

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்து வால்பாறையில் 2001இல் சுமார் 95 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2011இல் சுமார் 71 ஆயிரம். பத்தே ஆண்டில் நாலில் ஒருவர் குறைந்துவிட்டார். எஸ்டேட் வேலை முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதுதான் அங்கேயும் விதி. மாஞ்சோலையில் 2024இல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து, வீட்டைக் காலி செய்யச் சொன்னது. கூலி உயர்வு கேட்டு 1999இல் தாமிரபரணியில் 17 உயிர்களைப் பறிகொடுத்த அதே மக்களை! நான்கு தலைமுறை உழைத்த மலையில் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை.

தொழில் முடியலாம். தங்கம் தீரலாம், தேயிலை நட்டமாகலாம். அது இயற்கை. தொழில் முடிந்த அன்றே தொழிலாளி ஊரற்றவராவது இயற்கை இல்லை, அது சாதி. அண்ணல் அம்பேத்கர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில் பட்டியல் சாதி மக்களுக்கு அரசே நிலம் ஒதுக்கிக் குடியமர்த்த வேண்டும் என்று கேட்டது இதனால்தான்.

2024இல் அந்த 13 மண்மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கக் கர்நாடக அரசு ஒப்புதல் கொடுத்தது. அந்த மண் அவர்களுடைய தாத்தாக்கள் பாதாளத்திலிருந்து சுமந்து வந்தது. இந்த முறையாவது அந்த மக்களுக்குப் பங்கு உண்டா, பட்டா உண்டா என்று நாம் கேட்க வேண்டும்.

இளைஞர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். திருப்பூரிலும் கோவையிலும் கம்பெனி குடியிருப்புகளில் இருக்கும் தொழிலாளர்களோடு பேசுங்கள். “சம்பளம் எவ்வளவு?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். “நாளைக்கு இந்தக் கம்பெனி மூடினால் எங்கே போவீர்கள்?” என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை என்றால், நம் வேலை அங்கேதான் தொடங்குகிறது.