சுவரில் கூடும் குடும்பம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இன்று தொடர்மாடிகளே அதிகம். அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஹோலுக்குள் நுழைபவர், கதிரையில் அமர்வதற்கு முன்பே சுவரைப் பார்த்துவிடுகிறார். யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவில் எடுத்த கலியாணப் படம், மகளின் சாமத்தியச் சடங்கு, பட்டமளிப்பு அங்கியோடு நிற்கும் மகன், டொரொண்டோப் பனியில் விளையாடும் பேரப்பிள்ளைகள். இவர்கள் அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் ஒருநாளும் கூடியிருக்கமாட்டார்கள். சுவரில்தான் கூடியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தை யார் பக்கத்தில் யார் என்று பார்த்து அடுக்குவது உண்மையில் ஒரு கலை.

அதற்கு எழுதாத சட்டங்களும் உண்டு. சைவ வீடுகளில் காலஞ்சென்றவரின் படத்துக்குப் பொட்டும் மாலையும் வைப்பார்கள். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட ஒருவரும் துணியார். கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்தை அண்டிய கத்தோலிக்க வீடுகளில் திரு இருதய ஆண்டவர் படத்துக்கே முதலிடம். அதன்முன் சிறிய சிவப்பு விளக்கு எரியும். குடும்பத்தின் படங்கள் அதற்கு அடுத்தபடிதான்.

இந்தச் சட்டங்களைப் போர் கலைத்தது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது ஆல்பங்களும் சேர்ந்து எரிந்தன. எஞ்சியது, முன்பே உறவினருக்கு அனுப்பியிருந்த பிரதிகள் மட்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோ இன்னும் கொடிய கேள்வியை எழுப்பின. மாலை போட்டால் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதனால் எத்தனையோ தாய்மார் பிள்ளையின் படத்துக்கு இன்றுவரை மாலை போடவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அவர்கள் கையில் ஏந்தியிருந்ததும் இத்தகைய படங்களைத்தான். வீட்டலங்காரம் என்ற சொல்லுக்குள் இது அடங்காது.

இன்று பரவிவரும் பாணி வேறு. எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு, ஒரே கறுப்புச் சட்டம். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் பாட்டனாரின் தேக்குச் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெறும் ஒழுங்கு வீண். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற பழைய ஸ்டூடியோக்கள் படத்தை ஒட்டும் தடித்த அட்டையிலேயே தங்கள் பெயரைப் பொறித்தன. புதுச் சட்டத்துக்குள் அடக்குவதற்காக அந்த அட்டையை வெட்டினால், படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதற்கான சாட்சியும் குப்பைக்குப் போய்விடும்.

உயரமும் கவனிக்க வேண்டியது. பழைய வீடுகளில் கதவு நிலைக்கு மேலே, கயிற்றில் சற்று முன்சாய்ந்தபடி படங்கள் தொங்கும். உயர்ந்த கூரைக்கு அது பொருந்தியது. தொடர்மாடியில் அப்படி மாட்டினால் கழுத்துத்தான் வலிக்கும். கலைக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும்படி மாட்டுவது வழக்கம். இருந்து கதைக்கும் ஹோலில் அதைவிடச் சற்றுத் தாழ்த்தினாலும் நல்லது.

வெள்ளவத்தைக்கென்று தனியாக ஒரு பகை உண்டு: கடல். உப்புக் காற்றில் ஆணி துருப்பிடித்து, ஒருநாள் படம் விழும். மேற்கு யன்னலால் வரும் பின்னேர வெயில் நிறத்தை உறிஞ்சிவிடும். 1970களின் வண்ணப் படங்கள் பல ஏற்கெனவே சிவந்துபோய்விட்டன. அவற்றைவிடப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கின்றன. ஈரப்பதனில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் கிழியாமல் பிரிப்பது மிகக் கடினம். ஆகவே இரண்டுக்கும் இடையே இடைவெளி விடும் மவுண்ட் அட்டை அவசியம். ஒரேயொரு பிரதிதான் இருக்கிறதென்றால் அதை ஸ்கேன் செய்து, நகலைச் சுவரில் மாட்டி, மூலத்தை உலர்ந்த அலுமாரியில் வைக்கலாம். உள்ளே வைக்குமுன் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதிவிட வேண்டும். அதை, முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியம்மாவோ மாமாவோ பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.