மாமல்லபுரத்தில் கண்ட பெயர்கள்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மாமல்லபுரம் போய்வந்ததைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். சென்னையிலிருந்து தெற்கே, கடலோரமாக ஏறக்குறைய 55 கிலோமீற்றர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்களின் துறைமுகப் பட்டினம். மாமல்லன் என்பது முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர். யுனெஸ்கோ 1984இல் அதை உலக மரபுரிமையாக்கியது. நம் கலவானைக்குப் பக்கத்துச் சிங்கராஜ வனத்துக்கு அந்தப் பெருமை 1988இல் கிடைத்தது.

ஐந்து ரதங்களும் கட்டியவை அல்ல, பாறையையே செதுக்கியவை. உச்சி முடிந்து அடி முடியாமல் நிற்பதைப் பார்த்தாலே, மேலிருந்து கீழே வேலை செய்தது விளங்கும். திரௌபதி ரதம் என்பது உண்மையில் துர்க்கையின் கோயில். அதன் வடிவமோ கூரை வேய்ந்த ஒரு குடிசை! கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார். பசு கன்றை நக்குகிறது. முடியாத குகைகளில் சதுரம் சதுரமாக உளிக்கோடு கிடக்கிறது. அப்படிக் கோடு வெட்டி, இடையில் நின்ற கல்லைத் தட்டி எடுத்துத்தான் பாறையைக் குடைந்திருக்கிறார்கள்.

அரசர்களின் பட்டப்பெயர்கள் கோயில்களிலேயே இருக்கின்றன. ஊருக்கு மேற்கே பூஞ்சேரியில், ஒரு பாறையில் வேறு சில பெயர்கள் இருக்கின்றன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன். இவர்கள் அங்கே வேலை செய்த சிற்பிகள் என்பது அறிஞர் கருத்து. என் மனம் அங்கேதான் நின்றுவிட்டது.

சகோதரிகளே, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, சப்ரகமுவ மலைகளில் காடு வெட்டித் தேயிலையும் ரப்பரும் நட்ட நம் முன்னோரின் பெயர்கள் எந்தக் கல்லில் இருக்கின்றன? பிரட்டுக் களத்தில் கூப்பிட்டார்கள், செக்றோலில் எழுதினார்கள், அவ்வளவுதான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டபோது, லயத்தில் பிறந்த பலரிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை. பெயர் எழுதப்படாததற்கு நாம் கொடுத்த விலை அது. 1964 ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். தவணை நடுவிலேயே புத்தகத்தை மூடிவிட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறிய தோழிகளை உங்களில் பலர் நினைத்துக்கொள்வீர்கள்.

இந்த நூற்றாண்டில் கட்டடம் எழும்பட்டும், மகிழ்ச்சி. அதோடு ஒரு பெயரேடும் வேண்டும். உங்களோடு படித்தவரின் முழுப்பெயர், தோட்டம், டிவிசன், வகுப்பு, படித்த ஆண்டு ஆகியவற்றை எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பாதியில் நின்றவர்களை முதலில் எழுதுங்கள். கூடலூரிலோ கோத்தகிரியிலோ கனடாவிலோ இருப்பவர்களும் நம் பாடசாலைப் பிள்ளைகளே. வீட்டில் பாட்டி இருந்தால் இன்றிரவே கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.