சயாம் ரயில் பாதையைப் பாடமாக்குங்கள்

மலேசியாவில் நம் இடைநிலைப் பள்ளிகளில் இனப்படுகொலையையும் அனைத்துலக நீதியையும் கற்பிக்க வேண்டும் என்று கேட்கவே பெட்டாலிங் ஜெயாவின் இந்த மேடையில் நிற்கிறேன். அதைப் போலந்திலோ ருவாண்டாவிலோ தொடங்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டியும், ஆசைக்கு மசியாதவர்களை வளைத்துப் பிடித்தும், ஜப்பானிய ராணுவம் நம் தோட்டங்களிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுபோன தமிழர்களிடமிருந்து தொடங்குவோம்.

1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபருக்குள் நம்மவர் சயாம் என்று சொல்லும் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானிய ராணுவம் போட்டு முடித்தது. அந்தப் பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல்; இறந்தவர்கள் 12,000க்கு மேல். மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000 பேருக்கும் அதிகம். அவர்களில் மாண்டவர்கள் ஏறத்தாழ 90,000 என்கிறார்கள். கைதிகளின் சாவுக்குக் கணக்கு இருக்கிறது, நம்மவர் சாவுக்கு மதிப்பீடுதான் இருக்கிறது. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கைதிகளுக்கு 6,982 கல்லறைகள், வரிசை வரிசையாக. நம்மவர்களைப் பெரும்பாலும் பெயரில்லாத பொதுக்குழியில் தள்ளி மூடினார்கள். ஏன் இந்த வேறுபாடு? கைதிகள் முகாமில் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். காவலர் கண்ணில் படாமல் நாட்குறிப்பு எழுதினார்கள், இறந்தவர் பட்டியலைப் பாதுகாத்தார்கள். போர் முடிந்ததும் 1946 முதல் சிங்கப்பூரில் நடந்த பிரிட்டிஷ் ராணுவ விசாரணைகளில் அந்தத் தாள்கள் சாட்சியாயின. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி கண்ட கூலி முகாம்களிலோ பெரும்பாலும் மருத்துவரும் இல்லை, பெயரெழுதிவைக்க ஆளும் இல்லை. அதனால் அந்தப் பாதை பற்றிய வழக்குகளில் பெரும்பாலானவை கைதிகளைப் பற்றியவை. தொழிலாளியின் சாவு நீதிமன்றத்தின் ஓரத்தில்தான் நின்றது. 1967ஆம் ஆண்டு ஜப்பானோடு மலேசியா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இழப்பீடாக வந்தவை இரண்டு சரக்குக் கப்பல்கள். செத்தவர் குடும்பத்துக்கு அதில் என்ன கிடைத்தது என்று மாணவன் கேட்கட்டும். சான்று இருக்கும் இடத்துக்குத்தான் சட்டம் வரும், சான்றைச் சேர்ப்பவர் இல்லாத இடத்தில் கொலையாளி நிம்மதியாகச் சாவான் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள இதைவிடக் கிட்டத்தில் வேறு பாடம் கிடையாது.

'சயாமில் நடந்ததை இனப்படுகொலை என்று சொல்லிவிடலாமே, எதற்கு இத்தனை ஆராய்ச்சி?' என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1948 டிசம்பர் 9ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை, ஒரு தேசிய, இன, குல, சமயக் குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழித்துவிடும் நோக்கம் இருந்ததா என்று கேட்கிறது. ஜப்பானியருக்கு வேண்டியது ரயில் பாதை. அதற்காக எத்தனை பேர் செத்தாலும் கவலைப்படவில்லை. அது அடிமை வேலை, போர்க்குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம். அதனால் கொடுமை ஒரு குன்றுமணி அளவும் குறையாது. அதே ராணுவம் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சீன ஆண்களைத் தனியே பிரித்தெடுத்துக் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றது. இந்த இரண்டையும் அருகருகே வைத்து, நோக்கத்தை எப்படி நிறுவுவது என்று மாணவர்கள் வாதிடட்டும். இலங்கையின் முள்ளிவாய்க்காலுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். இறுதிக் கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலம் 2021இல் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரத்தைச் சட்டமாக்கியது. ஆனால் சட்டமன்றத்தின் அங்கீகாரம் வேறு, சாட்சியை விசாரித்து அனைத்துலக நீதிமன்றம் தரும் தீர்ப்பு வேறு. அந்தத் தீர்ப்பு இன்றுவரை வரவில்லை. ஏன் வரவில்லை என்று நம் பிள்ளைக்குத் தெரிந்தால்தான் நாளைக்கு அதைக் கேட்டுப் பெற முடியும்.

இதைக் கற்பிப்பது இனப்பகையை வளர்க்கும் என்கிறார்கள். ஒரே வகுப்பில் தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் உட்கார்ந்து ஒருவர் வீட்டுச் சாவை மற்றவர் படிப்பது எப்படிப் பகையாகும்? தன் இழப்பை மட்டும் வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைதான் பகையோடு வளர்கிறது. இன்றைய ஜப்பானிய மாணவன் மேல் யாரும் பழி போடவும் வேண்டாம். குற்றத்துக்குத் தனிமனிதன் பொறுப்பு என்பதுதானே நியூரம்பெர்க் தொடங்கி இந்தச் சட்டம் சொல்லிவருவது! எஸ்.பி.எம். தேர்வுச் சுமை கூடும் என்கிறார்கள். புதுப் பாடம் தேவையில்லை. படிவம் 4 வரலாற்றில் ஜப்பானியர் ஆட்சி ஏற்கெனவே இருக்கிறது. அங்கே இரண்டு பாடவேளை போதும். டொரண்டோ பள்ளி வாரியம் 2008 முதல் 11ஆம் வகுப்புக்கு இனப்படுகொலை பற்றித் தனிப் பாடமே நடத்துகிறது. நம்மால் இரண்டு பாடவேளை முடியாதா?

பிள்ளைகளுக்கு வயது போதாது என்பதுதான் என்னால் கொஞ்சமும் ஏற்க முடியாத வாதம். காஸாவின் பிணங்களைக் கைப்பேசியில் பார்க்கும் வயது வந்துவிட்டது, அவற்றைப் பற்றிய சட்டத்தைப் படிக்க மட்டும் வயது வரவில்லையா? 2019 மார்ச் 4ஆம் நாள் நம் நாடு அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்தில் சேர்ந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் விலகுவதாக அறிவித்தது. மாமன்னரையே கூண்டில் ஏற்றிவிடுவார்கள் என்ற பேச்சு ஒரே மாதத்தில் அரசாங்கத்தைப் பின்வாங்க வைத்தது. அந்த நாள்களில் சாசனத்தை ஒருமுறையாவது படித்துவிட்டுப் பேசியவர்கள் எத்தனை பேர்? ஐந்து ஆண்டு கழித்து, 2024 பிப்ரவரியில், அதே மலேசியா ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் பாலஸ்தீனத்துக்காக வாதாடியது, நல்ல காரியம்தான். ஒரு ஹேக் நீதிமன்றத்தின் கதவை நாமே சாத்திக்கொண்டு, இன்னொன்றில் நியாயம் கேட்டோம். இங்கே உட்கார்ந்திருக்கும் 16 வயதுப் பிள்ளை இன்னும் இரண்டு ஆண்டில் வாக்காளர். ரோம் சாசனம் மறுபடி விவாதத்துக்கு வரும்போது அதைப் படித்த வாக்காளராக அந்தப் பிள்ளை இருக்க வேண்டும். வரலாற்று ஆசிரியர்களே, அடுத்த தவணையில் அந்த இரண்டு பாடவேளையை ஒதுக்குங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, உங்கள் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்கித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.