வாசலில் விளையாட்டு, உள்ளே கல்வி!

(மாணவர் பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரை)

கணினி விளையாட்டுகளை ஆக்கும் நிரலாக்கப் பாடத்துக்கு மாணவரை அழைப்பது எவ்வாறு என்பது அமெரிக்க நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளில் பேசப்படும் கேள்வி. எங்கோ எழும் கேள்வி நமக்கெதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். ஏழை வீட்டுப் பிள்ளையின் ஆசைக்கு வழிகாட்டப் போவது பொதுக் கல்வியா, கல்வி வாணிபமா என்ற பெரும் போராட்டம் அந்தச் சிறு கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது.

சமுதாயக் கல்லூரி என்பது யாது? 1901-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், ஆறே மாணவர்களுடன் ஒரு பொதுக் கல்லூரி தோன்றிற்று. 1947-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த கல்விக் குழு, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருக வேண்டும் என்று கூறிற்று. இன்று கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் 116 இருக்கின்றன. மதிப்பெண்ணைக் காட்டி எவரையும் வாசலில் தடுப்பதில்லை, கட்டணம் குறைவு, மாலை வகுப்பும் உண்டு. ஈராண்டு பயின்றவர், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். பகலெல்லாம் கடையில் நின்று பொட்டலம் கட்டும் இளைஞனும், குழந்தையை உறங்க வைத்துவிட்டு வரும் தாயும், போர்முனையினின்று மீண்ட சிப்பாயும் ஒரே பலகையில் அமர்ந்து பயிலும் இடம் அது.

ஆனால், கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? "கணக்கு எனக்கு வராது" என்று பள்ளியிலேயே முத்திரை குத்தப்பட்ட பிள்ளை, திறந்த கதவுக்குள்ளும் நுழைய அஞ்சுகிறான். நிரலாக்கம் என்றதும் அது மேட்டுக்குடிப் பிள்ளைகளின் சொத்து என்று ஒதுங்குகிறான். அவனே, கைப்பேசியில் இரவெல்லாம் விளையாடுகிறான். "நீ ஆடும் ஆட்டத்தை நீயே ஆக்கிப் பார், வா!" என்று அழைப்பதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

கல்லூரியா, களியாட்டக் கொட்டகையா என்று ஏளனம் செய்வோர் உண்டு. அந்த ஏளனம் நமக்குப் புதிதா, தோழர்களே? நம் முன்னோடிகள் கொள்கையைப் பரப்ப நாடக மேடை ஏறியபோது, 'கூத்தாடிகள்' என்று கேலி பேசினார்கள். 1949-இல் 'வேலைக்காரி' வெண்திரைக்கு வந்தது. பொழுதுபோக்க வந்தவன், வீடு திரும்புகையில் சிந்தித்துக்கொண்டே சென்றான். அழைத்தது கலை, ஆட்கொண்டது கருத்து. அழைப்பு இனிமையாக இருப்பதில் இழுக்கு ஏதுமில்லை. உள்ளே பொருள் இருக்கிறதா என்பதே கேள்வி.

பொருள் இருக்கிறது. 1958-இல் நியூயார்க் மாநிலத்து புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், பார்வையாளர் நாளன்று வரும் பொதுமக்கள் சலிப்படையலாகாது என்று கருதிய வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலார், சிறு திரையொன்றில் டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். அறிவியலின்பால் மக்களை ஈர்க்க அறிவியலாரே விளையாட்டைக் கருவியாக்கிய வரலாறு இது!

அந்தப் பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் அது சுவரில் மோதித் திரும்ப வேண்டும். எப்படித் திரும்பும்? அதன் வேகத்தைக் குறிக்கும் எண்ணின் குறி, கூட்டலிலிருந்து கழித்தலாக மாற வேண்டும். மேலே எறிந்த பந்து வளைந்து விழ வேண்டுமா? ஒவ்வொரு நொடியும் புவியீர்ப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பகைவன் நிற்கும் திசையை நோக்கி அம்பு பாய வேண்டுமா? முக்கோணவியல் வேண்டும். "இந்தக் கணக்கு எதற்கு?" என்று கேட்ட பிள்ளை, "இந்தக் கணக்கைச் சொல்லித் தாருங்கள்" என்று ஆசிரியரைத் தேடி வருகிறான். அச்சம் அகன்றது, ஆர்வம் பிறந்தது!

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். பிள்ளைகளின் இந்த ஆசையை வாணிபர்களும் அறிவார்கள். 'ஆர்ட் இன்ஸ்டிடியூட்ஸ்' என்ற பெயரில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இலாபம் கருதும் கல்லூரிகள் இயங்கின. ஓவியம், திரைப்படம், விளையாட்டு ஆக்கம் எல்லாம் கற்பிப்பதாகக் கூவி அழைத்தன. படித்தவருக்கெல்லாம் வேலை, கை நிறையச் சம்பளம் என்று ஆசை காட்டின. எஞ்சியிருந்த எட்டுக் கல்லூரிகளும் 2023 செப்டம்பர் இறுதியில் மூடப்பட்டன. 2024 மே மாதத்தில் அமெரிக்க அரசே, அந்த விளம்பரங்கள் மாணவரை ஏமாற்றியவை என்று கூறி, 3,17,000 பேரின் 610 கோடி டாலர் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்தது. கடன் போயிற்று, கழிந்த இளமை திரும்புமா? பள்ளிக்கூடம் என்று எண்ணி நுழைந்தார்கள், அது பொறிக்கூடமாக இருந்தது!

ஆகவே, பொதுக் கல்லூரி ஈர்க்க வேண்டிய முறை வேறு. பள்ளிகளுக்கே சென்று, முதல் மணி நேரத்திலேயே மாணவன் கையால் ஒரு சிறு ஆட்டத்தை ஆக்கச் செய்ய வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. 2014-இல் மூல நிரலோடு பொதுவுடைமையாக்கப்பட்ட 'கோடோ' போன்ற கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் கணினி இல்லாதவனுக்காக இரவிலும் ஆய்வுக்கூடம் திறந்திருக்க வேண்டும். ஈராண்டுப் படிப்பை ஏற்கும் பல்கலைக்கழகம் எது என்பதை எழுத்திலேயே காட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையைச் சொல்ல வேண்டும். இத்தொழிலில் வேலை நிலையானதன்று. 2024 ஜனவரியில் மட்டும் மைக்ரோசாப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும், யூனிட்டி நிறுவனம் ஏறத்தாழ 1,800 பேரையும் நீக்க முடிவு செய்தன. ஆட்டம் வெளிவரும் காலத்தில் இரவு பகலாக உழைப்பைப் பிழியும் வழக்கமும் உண்டு. அதே வேளையில், 2023-இல் செனிமேக்ஸ் நிறுவனத்தின் ஏறத்தாழ 300 தொழிலாளர்கள் சங்கம் அமைத்து, மைக்ரோசாப்டின் ஒப்புதலையும் பெற்றார்கள். இதையும் மாணவனுக்குச் சொல்க! கற்ற நிரலாக்கம் மருத்துவப் பயிற்சிக்கும், பொறியியல் ஒத்திகைக்கும், வேறு கணினித் தொழிலுக்கும் உதவும் வகையில் பாடத்தை அகலமாக வகுக்க வேண்டும். ஒரே தொழிலை நம்பி ஒரு தலைமுறையைக் குறுகிய சந்தில் தள்ளிவிடக் கூடாது.

தோழர்களே! சமுதாயக் கல்லூரி என்னும் இம்முறை 1995-இல் புதுவைக்கும் வந்து, தமிழகத்திலும் பரவியது. கவர்ச்சி விளம்பரங்களும் நம் தெருச்சுவர்களுக்கு வந்துவிட்டன. உங்கள் பகுதியில் ஒரு பிள்ளை, "விளையாட்டு ஆக்கப் படிக்கப் போகிறேன்" என்றால் நகைக்காதீர்கள். அவனோடு அந்த நிலையத்துக்குச் செல்லுங்கள். மொத்தக் கட்டணம் எவ்வளவு? சான்றிதழை ஏற்கும் பல்கலைக்கழகம் எது? சென்ற ஆண்டு பயின்றோர் இன்று எங்கே வேலை பார்க்கின்றனர்? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை கேளுங்கள். விடை தர மறுத்தால், பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வந்துவிடுங்கள்.

அழைத்து வந்தபின், எங்கே அனுப்புவது? அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் இப்பாடம் இல்லையேல், அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. அதுவரை, நாளிதழை உரக்கப் படித்து ஊரையே எழுப்பிய நம் படிப்பகங்களில் ஒரு கணினியை வையுங்கள். ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டுங்கள். பந்து சுவரில் மோதித் திரும்பட்டும். அந்தக் கணக்கை நம் பிள்ளைகள் கற்கட்டும்!